கரண்ட்டா பெட்ரோலா

என் அப்பா என் வீட்டு வாசலுக்கு வந்தது பாசத்தால் அல்ல, வண்டி நின்றுபோனதால். தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"வண்டி நின்னுபோச்சும்மா. அதான் தள்ளிக்கிட்டு வந்தேன். சரியானதும் கிளம்பிடுவேன்."

நான் என் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அண்ணன் வீடு அடுத்த ஊரில் இருக்கிறது. அங்கே போகும் நெடுஞ்சாலை எங்கள் தெருமுனையை உரசிக்கொண்டுதான் போகிறது. அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறார். அப்போதெல்லாம் நிற்காத வண்டி இப்போது நின்றிருந்தது. நான் காரணம் கேட்கவில்லை. வாசலுக்கு வந்த மனுஷனிடம் குறுக்கு விசாரணை செய்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். நெடும்பயணத்துக்கென்றே செய்த பழைய, பெரிய மோட்டார் சைக்கிள். முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, சோபா போல சீட்டு. அம்மா உயிரோடிருந்தவரை இருவரும் அதில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். அம்மா போனபிறகு அப்பா தனியாகச் சுற்றுகிறார். தினமும் காலையில் பாலிஷ் போட்டு அதைத் துடைப்பார். என்னை ஒருநாளும் அப்படிக் கவனித்ததில்லை. பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான்.

அப்பா ஒரு மில்லில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்தவர். உலகத்தில் எது கெட்டாலும் அவருக்குக் கரண்ட்டுதான் காரணம். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால்கூட எர்த் சரியில்லை என்பார். என் வீட்டுக்காரர் டீசல் பம்பு ரிப்பேர் செய்பவர். அவருக்கு எது நின்றாலும் எரிபொருள் வரவில்லை என்று அர்த்தம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கேயோ அடைச்சிருக்கு" என்றார்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் எங்கள் வீட்டுக் கொட்டகையில், ஒரே வண்டிக்கு முன்னால். அதிலும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. முன்னறையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த நான் எழுந்துவந்து நடுவில் நின்றேன், இரண்டு பக்கத்துக்கும் தூதாக.

"மீட்டர் இருக்கான்னு அவர்கிட்ட கேளும்மா," என்றார் அப்பா. என் வீட்டுக்காரர் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார்.

"மீட்டர் இருக்கான்னு கேக்கறார்."

"இருக்குன்னு சொல்லு. ஆனா இது கரண்ட்டு இல்ல, பெட்ரோல்னும் சொல்லு."

"கரண்ட்டு இல்லையாம்பா."

"பம்பு பாக்கறவருக்குப் பம்பு மட்டும்தான் தெரியும்னு சொல்லு."

"அதை நான் சொல்ல மாட்டேன். அவர் காதுல விழுந்திருக்கும்."

முதல் ஆட்டம் அப்பாவுடையது. டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார், மூடியை என் கையில் கொடுத்தார். பேட்டரி முனைகளைச் சுரண்டினார், ஃபியூஸைக் கழற்றி ஊதினார், ஒரு வயரை முறுக்கினார். மூடியைப் போட்டு பட்டனை அழுத்தியதும் வண்டி சிங்கம்போல உறுமியது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டு கிளம்பினார். ஊர் எல்லை வளைவு தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் வேனை எடுத்துக்கொண்டு போய் வண்டியையும் அவரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வேனில் இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. ஆளுக்கொரு ஜன்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

அடுத்த ஆட்டம் பெட்ரோல் கட்சி. இவரும் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார், மூடியை என் கையில் கொடுத்தார். கார்புரேட்டரைக் கழற்றி, நான் பட்டன் போட்டு வைக்கிற தட்டில் வைத்துக் கழுவினார். வண்டி கிளம்பியது. "அடைப்பு எடுத்தாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு," என்றார் ரொம்ப அடக்கமாக. அந்த அடக்கமும் அதே வளைவு வரைக்கும்தான் ஓடியது.

பிறகு ஸ்பார்க் பிளக் மாறியது. பெட்ரோல் குழாய் மாறியது. இக்னிஷன் காயில் மாறியது, வடிகட்டி மாறியது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் வண்டி உடனே கிளம்பும், யாராவது ஒருவர் மார்தட்டுவார், வளைவில் நிற்கும். ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கேட்காமல் இரண்டு டாக்டர்கள் மாறி மாறி மருந்து கொடுப்பதுபோல இருந்தது.

இதற்கிடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் அப்பா கொட்டகையிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டார். அப்புறம் சமையலறை வாசற்படிவரை வந்தார். அப்புறம் மேஜைக்கே வந்துவிட்டார், அதுவும் என் வீட்டுக்காரருக்கு எதிர் நாற்காலியில். என் தையல் மெஷின் லேசாக ஷாக் அடிப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். ஒருநாள் நான் தைத்த சட்டையின் காலரைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் வருது உனக்கு," என்றார். அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா போகக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வண்டி சரியானால் அடுத்த நிமிஷமே போய்விடுவார், ரோஷக்காரர்.

ஆக, உண்மையான கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டிய கடைசி ஆள் நான். நான்தான் கண்டுபிடித்துத் தொலைத்தேன்.

எல்லா வைத்தியத்துக்கும் முன்னால் இருவரும் செய்கிற வேலை ஒன்றே ஒன்று, டேங்க் மூடியைத் திறப்பது. திறக்கும்போதெல்லாம் உஸ்ஸென்று ஒரு சத்தம், யாரோ மூச்சை இழுப்பதுபோல. மூடி என் கையில்தானே இருக்கும், திருப்பிப் பார்த்தேன். காற்று உள்ளே போவதற்கு அதில் ஒரு பொடித்துளை. அப்பா தினமும் போடுகிற பாலிஷ் அதற்குள் போய்க் கெட்டித்துக் கிடந்தது. காற்று போகாவிட்டால் பெட்ரோல் எப்படி இறங்கும்? மூடியைத் திறந்தால் காற்று போகும், வண்டி ஓடும். கொஞ்ச தூரத்தில் மறுபடி திணறும். பிளக், காயில், கார்புரேட்டர் எல்லாம் நிரபராதிகள்.

வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். என் வாயைப் பற்றி எனக்கே தெரியும், ஆனாலும் முடிவு செய்தேன்.

அன்று சாப்பாட்டு மேஜையில் வழக்கம்போல என் வழியாகச் சண்டை. காயிலில் சூடு என்று அப்பா, கார்புரேட்டர் ஜெட்டில் தூசி என்று இவர். தூது சொல்லும்போது நானாக ஒரு வார்த்தை சேர்த்துவிட்டேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா," என்றார் அப்பா. "சொன்னதை மட்டும் சொல்லு."

"ஆமா," என்றார் என் வீட்டுக்காரர். "நடுவுல நீயா எதையும் கோத்துவிடாதே."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கரண்ட்டும் இல்ல, பெட்ரோலும் இல்ல. டேங்க் மூடி ஓட்டையில பாலிஷ் அடைச்சிருக்கு. ரெண்டு பேரும் வண்டியைப் பிரிச்சு மேயறீங்களே, அதை யாராவது பாத்தீங்களா?"

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அப்பா அவரைப் பார்த்தார், அவர் அப்பாவைப் பார்த்தார்.

"மூடியில ஒண்ணும் இல்லையே," என்றார் அப்பா.

"மூடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் இவர்.

இத்தனை நாளில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது. மறுநாள் காலையில், இரண்டு பேரும் எழுவதற்கு முன், ஊசியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். துளையைக் குத்திச் சுத்தம் செய்து மூடியைத் திருகினேன். அப்பா எழுந்ததும், "இப்ப ஓட்டிப் பாருங்க," என்றேன்.

அவர் போனார். வளைவைத் தாண்டி, அதற்கப்புறம் வெகுதூரம் போய்விட்டு, நிற்காமல் திரும்பி வந்தார். இறங்கி, என்னைப் பார்க்காமல், "சரியாயிடுச்சு," என்றார். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து சீட்டில் கட்ட ஆரம்பித்தார்.

ஜெயித்துவிட்டேன் என்று நான் நிமிர்ந்து நின்றது எவ்வளவு நேரமோ, அவ்வளவுதான். அப்புறம்தான் உறைத்தது. என் கையாலேயே அப்பாவை ஊருக்கு அனுப்புகிறேன்.

"யாரு உன்னை ஊசியை எடுக்கச் சொன்னது?" என்று காதைக் கடித்தார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பம்பு ரிப்பேர் பண்றவனுக்கு மூடி ஓட்டை தெரியாதா? மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் அப்பா இருந்த பக்கம் கண்ணைக் காட்டினார். "அவர் மட்டும் சொன்னாரா?"

திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜின் தையல் மெஷின்போலச் சீராக ஓடியது. ஒரு குறை சொல்ல முடியாது. கையுறையைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தார், ஒழுங்காக மின்னித் தொலைத்தது. கடைசியில் ஹார்னை அழுத்தினார். தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் பல்துலக்கிக்கொண்டே மாடிக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"சத்தம் கம்மியா இருக்கு," என்றார் அப்பா, பெட்ரோல் டேங்கைப் பார்த்து.

"ரொம்பக் கம்மி," என்றார் என் வீட்டுக்காரர்.

அப்பா நிமிர்ந்தார். என்னைத் தேடவில்லை. நேராக அவரைப் பார்த்தார்.

"எங்கயோ கரண்ட்டு இழுக்குது."

எரிபொருளைத் தவிர வேறு எதையும் நம்பாத மனுஷன் ஒருதரம் எச்சில் விழுங்கினார். "நீங்க மொதல்லருந்தே சொன்னீங்க மாமா. நான்தான் கேக்கல. கரண்ட்டுதான்."

அப்பா இன்ஜினை அணைத்தார். "வயரிங் மொத்தமும் பிரிச்சுப் பாக்கணும். எத்தனை நாளாகும் மாப்பிள்ளை?"

"பழைய வண்டி மாமா. அவசரப்பட்டா கெட்டுப்போயிடும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தையல் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். யார் காதிலும் விழவில்லை. இருவரும் ஹார்னைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.