சனி ஏன் பிந்துகிறது

மின்வாரியத்தில் இருந்தவரை ஊருக்கு வெளிச்சம் கொடுத்தேன். ஓய்வு பெற்றதும் இருட்டை விற்க ஆரம்பித்தேன். காற்றடித்தால் யானைக்கூட்டம் போல எழும் கறுப்புக் கூடாரம், நடுவில் ஒரு புரொஜக்டர்: நடமாடும் கோளரங்கம். ராஜபாளையத்தில் வேனில் ஏற்றினால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வானத்தை இறக்கிவிடுவேன்.

காற்றடிக்கும் ப்ளோயர் என் மனைவி ஈஸ்வரியின் பொறுப்பு. கெடுவும் அவளே வைத்திருந்தாள்: "ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்டரும் கைநழுவிச்சுன்னா, கூடாரத்தைக் கிழிச்சு மொட்டமாடியில வத்தல் காயப்போட்டிருவேன், பாத்துக்கோங்க."

அந்த ஆர்டர் பள்ளித் தாளாளர் காசிராஜன் கையில். முதலில் பெற்றோருக்கு ஒரு காட்சி. அவருக்குத் திருப்தி என்றால் வருடம் முழுக்க எல்லா வகுப்புக்கும்.

சனிக்கிழமை காலை மைக்கில் முழங்கினேன்: "கோள்களைச் சுற்றிப் பார்க்க வாருங்கள். செருப்பை வெளியே விடுங்கள்." பக்கத்து மலைப் பெருமாள் இருக்கும் திருவண்ணாமலைக்கு மட்டுமல்ல, வடக்கே இருக்கிற பெரிய திருவண்ணாமலைக்கும் கேட்டிருக்கும். ஐயாயிரம் பேர் குவிந்தார்கள். நாற்பது என்பார் காசிராஜன்.

குனிந்து நுழையும் வாசல், உள்ளே இருட்டு, நடுவே ஒளிரும் கருவி. யாரும் உட்காரவில்லை. முன்னால் வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு புரொஜக்டரைச் சுற்றத் தொடங்கினார். பின்னாலேயே அத்தனை பேரும். கூரையில் நட்சத்திரங்களுக்குப் பதில் கொண்டை நிழல்கள் ஓடின.

"உக்காரச் சொல்லுங்க சார்," என்று பல்லைக் கடித்தார் காசிராஜன்.

"நீங்கதான சுத்திப் பாக்கச் சொன்னிய," என்றார் ஓரத்தில் முழங்காலைப் பிடித்தபடி நடந்த செல்லக்கனி, ஒரு மாணவியின் அம்மா. "ஒம்பது சுத்து முடிக்காம உக்காந்தா, ஏழரை நம்ம மேலல்லா உக்காரும்."

"வத்தலுக்கு நல்ல வெயிலு," என்று வெளியிலிருந்து ஈஸ்வரி குரல் கேட்டது.

கருவியை ஒட்டி நடந்தவர்கள் முடித்து உட்கார்ந்துவிட்டார்கள். செல்லக்கனிக்கு அப்போதுதான் மூன்று.

"கூடத்தான நடந்தேன். எனக்கு மட்டும் ஏன் தீரல?"

மண்டைக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. "உள்ள நடந்தவிய புதன். ஓரத்துல நடக்கிற நீங்க சனி."

"விடிஞ்சதும் என்னையச் சனிங்கீயளே."

சிரிப்பில் கூடாரம் குலுங்கிய குலுங்கலில் பிளவக்கல் அணையில் அலையடித்திருக்கும். கூரையில் சனியைக் கொண்டுவந்தேன். "சூரியனைச் சுத்த நமக்கு ஒரு வருசம். சனிக்கு முப்பது வருசம் பக்கத்துல. பன்னெண்டு ராசி இருக்கு. ராசிக்கு ரெண்டரை வருசம். மூணு ராசியக் கடக்கணும்னா?"

இருட்டில் விரல்கள் மடங்கின.

"ஏழரை," என்றது ஒரு மெல்லிய குரல். காசிராஜன்.

செல்லக்கனி அண்ணாந்து நின்றார். "சனிக்குக் கால் ஊனம், அதான் பைய வருதுன்னுல்லா நெனச்சேன். பாதைதான் நீளமா?"

"பாதையும் நீளம், நடையும் மெதுவு."

"அப்ப முழங்கால்லயும் கோளாறு இருக்கு," என்று மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"மிச்சத்தையும் அவிய முடிக்கட்டும்," என்றார் காசிராஜன். "திங்கக்கிழம ஆறாம் வகுப்புலருந்து ஆரம்பிங்க சார். மைக்குல மட்டும் 'சுத்திப் பாக்க'ன்னு சொல்லாதிய."

வாசலில் ஈஸ்வரியின் தலை நுழைந்தது. "நமக்கும் ஏழரைதான் ஓடுது. அது இப்ப எங்கன போய்க்கிட்டிருக்குன்னு செத்த காட்டுங்க."