ராக்குக்கும் சுவருக்கும் நடுவே

அவனுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கும் தொழில். வீட்டின் சாமான் அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் பஞ்சுத் தகடு ஒட்டி ஸ்டுடியோவாக்கியிருந்தான். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. அதில் அவனுக்குப் பெருமை. முன்னறையில் அப்பா படுத்திருந்ததால் கவலையும் அதுவேதான்.

அப்பா நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிடும் வேலையில் இருந்தவர். அவர் வீட்டில் தும்மினால் தெருமுனையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். போன வருடம் பக்கவாதம் வந்து வலப்பக்கத்தை முடக்கிவிட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "இல்ல." பசிக்கிறதா என்றாலும் இல்ல, மருமகள் வந்துவிட்டாள் என்றாலும் இல்ல. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் அர்த்தம் பிடிக்க வேண்டும். கட்டிலருகே ஒரு மைக்கும் சின்ன ஸ்பீக்கரும் வைத்து, இரண்டின் வயரையும் ஸ்டுடியோவரை இழுத்திருந்தான்.

அன்று மனைவி வேலைக்குப் போனதும் பேட்ச்பே மாட்ட உட்கார்ந்தான். வரிசையாகத் துளைகள் கொண்ட பலகை அது. எல்லாக் கருவிகளின் வயர்களும் பின்பக்கமாக அதில் வந்து சேரும். அதற்கப்புறம் எதை எதோடு வேண்டுமானாலும் துளை மாற்றிச் செருகிச் சேர்த்துக்கொள்ளலாம். அதையும், குரலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப்களையும், இன்னும் நாலைந்து கனமான பெட்டிகளையும் சக்கரம் வைத்த இரும்பு ராக்கில் ஏற்றியிருந்தான்.

"சந்துல நுழையுறது சுலபம். வெளிய வர வழி இருக்கான்னு பாத்துக்கோ," என்று மனைவி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ராக்கைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, உடம்பைக் குறுக்கிப் பின்னால் நுழைந்தான். சால்டரிங் அயர்னால் ஈயத்தை உருக்கி வயர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தான். சக்கரங்களைப் பூட்ட மறந்திருந்தான். ஒரு பெட்டியை முழங்கையால் தள்ளியபோது ராக் அசைந்தது. தண்ணீர் ஓடுவதற்காகச் சுவர்ப் பக்கம் சரிவாகப் போட்ட தரை. ராக் அவன்மேல் உருண்டு வந்தது. ஒரு சக்கரம், வயருக்காக அவனே வெட்டியிருந்த பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

இடது கை விலாவோடு சேர்ந்து நசுங்கியது. மார்பை விரிக்க இடமில்லை. பாதி மூச்சுதான் விட முடிந்தது. முதுகைச் சுவரில் ஊன்றித் தள்ளினான். ராக் கிண்டல் செய்வதுபோல் ஒருமுறை கிரீச்சிட்டுவிட்டு நின்றது. போன் முன்னால் மேசையில் கிடந்தது. வலது கையில் கொதிக்கிற அயர்ன். கீழே வைத்தால் பஞ்சுத் தகடு பற்றிக்கொள்ளும். அதன் ப்ளக்கும் முன்பக்கத்தில்தான் இருந்தது.

கத்திப் பார்த்தான். குரலைச் சுவர் உறிஞ்சிக்கொண்டது.

கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. ஹெட்போனை மைக் துளையில் செருகிப் பேசினால், மங்கலாகவாவது அது மைக் வேலை செய்யும் என்று அவனுக்குத் தெரியும். அயர்னின் கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டான். பெட்டிகளின் பின்பக்கத்தைத் தடவி, அப்பாவின் ஸ்பீக்கருக்குப் போகும் ப்ரீஆம்பின் துளையைக் கண்டுபிடித்துச் செருகினான். அயர்னைத் திரும்பக் கையில் வாங்கினான்.

"அப்பா, நான்தான். ராக் வந்து அமுக்கிடுச்சு, நகர முடியல. யாரையாவது கூப்பிடுங்கப்பா."

யாரிடம் என்ன கேட்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஒரே ஹெட்போன். பேசினால் கேட்க முடியாது, கேட்டால் பேச முடியாது. மறுபடி அயர்னைக் கடித்து, வயரை உருவி, அப்பாவின் மைக் வரும் துளையில் மாட்டிக் காதில் வைத்தான். தூரத்தில் மூச்சு கேட்டது. பிறகு "இல்ல." நடுங்கிய குரல். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

ஜன்னல் கம்பியில் டம்ளர் மோதும் சத்தம் எழுந்தது. நல்ல கையால் அடிக்கிறார். நின்றது, மறுபடி கேட்டது. அவன் உள்ளங்கை வியர்த்து, அயர்ன் வழுக்கப் பார்த்தது.

கதவு திறந்தது. முன்னறையில் மாடி வீட்டுத் தையல்காரம்மாவின் குரல்.

"என்னங்கய்யா, தண்ணி வேணுமா?"

"இல்ல."

"தம்பி எங்க?"

"இல்ல, இல்ல."

"வீட்ல இல்லையா? சரி, வரட்டும். அடுப்புல பால வச்சிட்டு வந்திருக்கேன்."

காலடி ஓசை விலகியது. அப்பாவின் குரல் ஏறியது. இல்ல, இல்ல, இல்ல. யாரிடமும் எதற்கும் கெஞ்சாத மனிதர். வயரை மாற்றிச் செருகினான்.

"அக்கா, போகாதீங்க. உள்ள இருக்கேன். ஸ்டுடியோவுல."

கேட்டதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வயரை மாற்றினால் அந்த நேரத்தில் அவள் போய்விடலாம். சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். விளம்பரங்களில் ஊருக்கெல்லாம் சோப்பு விற்ற குரல் அன்று பூனைக்குட்டியின் குரலாகத் தேய்ந்தது. கால் மரத்தது, கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. இனி யாரும் வரப்போவதில்லை, சாயங்காலம் மனைவி வரும்வரை கை தாங்காது என்று நினைத்தபோது ஸ்டுடியோக் கதவு திறந்தது.

"தம்பி, எங்கப்பா இருக்க?"

"ராக்குக்குப் பின்னால. மொதல்ல அந்தச் செவப்பு ப்ளக்கப் பிடுங்குங்கக்கா."

பிடுங்கினாள். ராக்கை இழுத்துப் பார்த்தாள், அது அசையவில்லை. எதிர் வெல்டிங் கடையிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தாள். அவர்கள் கடப்பாரையால் சக்கரத்தை நெம்பினார்கள். வெளியே வந்தவனுக்கு நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து முழு மூச்சாக இழுத்துவிட்டான்.

"ரேடியோன்னு நெனச்சுப் போயிருப்பேன்," என்றாள் அவள். "ஐயா கட்டில்லேர்ந்து கீழ விழுந்துட்டார். தூக்க வந்தப்பதான் ஸ்பீக்கர்ல வர்றது உன் கொரலான்னு காது குடுத்தேன்."

"தவறி விழுந்தாரா?"

"தவறியா? நான் வாசல்லேர்ந்து பாத்துட்டுதான இருந்தேன். தானா உருண்டார்."

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் புடைப்பு. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவன் இடது கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். எல்லாம் மடங்கின.

ராக்கை இப்போது அறையின் நடுவில் நிறுத்தியிருக்கிறான். நடக்கும்போது கால் தடுக்குகிறது. மனைவி திட்டுகிறாள். அவனால் ஸ்டுடியோக் கதவை மட்டும் சாத்த முடிவதில்லை. சாத்தியதும் மார்பு இறுகுகிறது. திறந்துவைத்தே பேசுகிறான். பதிவில் தெருவின் ஹாரன் சத்தம் விழுகிறது. விளம்பரக் கம்பெனி இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவதாக இன்று ஒருமுறை பேசி அனுப்ப வேண்டும். அவன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறான்.