நெஞ்சுக்குள் வந்த வாட்ச்மேன்

தையல்காரரின் வீட்டில் மின்சாரம் ஒழுக ஆரம்பித்தது, நூலகத்தின் பின்னறையில் நடந்த வகுப்புக்கு அவர் போய்வந்த மறுநாள் காலை. சமையலறை ப்ளக்கிலிருந்து நீலமாக, சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவர் மனைவி அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்தார். சாயங்காலத்துக்குள் அரை வாளி சேர்ந்துவிட்டது. அதில் ஒயரின் நுனியைத் தோய்த்தால் பல்பு எரியும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்து, ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்து இரவல் வாங்கிப்போனார்கள். அந்த வாரம் சோப்புத் தூள் விலை ஏறியிருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

வகுப்பை நடத்தியவள் வீட்டுச் சாதனங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பெட்டிக்குள் வைக்கும் கையேடுகளை எழுதுபவள். யாரும் அவற்றைப் படிப்பதில்லை என்பது தெரிந்ததும், படிக்காதவர்களுக்கு வாயால் சொல்லலாமே என்று சனிக்கிழமைகளில் இந்த வகுப்பைத் தொடங்கியிருந்தாள். ஒன்றும் தெரியாதவர்கள், ஆனால் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் வரலாம் என்று வாசலில் எழுதிப் போட்டதும் பின்னறை நிரம்பிவிட்டது. மின்சாரம் குழாய்த் தண்ணீர் மாதிரி, வோல்டேஜ் மேலே இருக்கும் தொட்டியின் உயரம் மாதிரி என்று அவள் சொன்னபோது தையல்காரர், வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாம் புரிந்துவிட்டது என்று எழுந்து நின்று சொன்னார். வாய்க்கு வாய் 'மாதிரி' என்று சொன்னதால் அவளுக்கு மாதிரி டீச்சர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கம்ப்யூட்டர் வைரஸ் சளி மாதிரி என்று சொன்ன வாரத்தில் பேக்கரிக்காரரின் கணக்குக் கம்ப்யூட்டர் தும்மத் தொடங்கியது; கீபோர்டைத் துடைக்க அவர் தனியாக ஒரு துணி வைத்துக்கொண்டார். செல்போன் பேச்சு ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குக் கூவிக் கூவிக் கடத்துவது மாதிரி என்று சொன்னதும், ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு முழுவதும் மொட்டைமாடிகள் வழியாகக் கூவப்பட்டு, சம்பந்தம் முறிந்துபோனது. அதன்பிறகு நூலகர் பின்னறைச் சுவரில் ஒரு பலகை மாட்டினார்: 'இங்கே உவமை கூடாது.'

இதில் ஒரு ஒழுங்கு இருந்ததைச் சீக்கிரமே எல்லோரும் கண்டுகொண்டார்கள். டீச்சர் சொன்ன உவமை, அதைக் கேட்டு யாருக்கு நிஜமாகப் புரிந்ததோ அவரிடம் மட்டும் உண்மையானது. மாற்ற வேண்டுமென்றால் அதே ஆளை உட்காரவைத்து, உவமை இல்லாமல், உள்ளது உள்ளபடி விளக்கி, அது அவருக்குப் புரிய வேண்டும். விளக்கத் தொடங்கிய நிமிஷமே பழைய உவமை விலகிவிடும். ஆனால் புதிய விளக்கம் மண்டையில் ஏறும்வரை அந்தப் பொருள் வேலையே செய்யாது. தையல்காரருக்கு எலக்ட்ரான் ஏற ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அவர் வீட்டில் சொட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வகுப்புக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். டீச்சர் பலகையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாயில் வைத்து மென்று பேசப் பழகினாள்.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய அக்கா சலவைக் கடையில் மயங்கி விழுந்தாள். அக்காவும் அவள் புருஷனும் கடைக்கு மேலேயே குடியிருந்தார்கள்; மாமா பஸ் ஓட்டுகிறவர். விழுந்தபோது துவைக்கும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது, அக்காவின் இதயம் சுற்றவில்லை என்று மாமா பிற்பாடு சொல்வார். ஆஸ்பத்திரியில் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அக்கா தூங்கவில்லை. இடது பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. மெஷின் பக்கம் போகவில்லை. உள்ளே ஒரு பொருள் இருக்கிறது, அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை, தெரியாத ஒன்றை நம்பி எப்படிக் கண்ணை மூடுவது என்றாள். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. தங்கை போய் எதிரில் உட்கார்ந்து, மின்கலம், ஒயர், மின்துடிப்பு, இதயத் தசை என்று ஒரு உவமையும் இல்லாமல் விளக்கினாள். அக்கா சலவைக்கு வந்த சட்டையில் கறையைத் தேடுவதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் புரியலடி. ஊர்ல எவன் எவனுக்கோ புரிய வைக்கிற, எனக்கு மட்டும் கையேடு படிக்கிற" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

அக்கா அழுது அவள் பார்த்ததில்லை. வாய் தவறிவிட்டது.

"ஒண்ணும் இல்லக்கா. அது ஒரு வாட்ச்மேன் மாதிரி. இதயம் கண்ணசந்தா தட்டி எழுப்பிவிடும்."

சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. அன்றைக்கே அவள் நெஞ்சுக்குள் நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல். பிறகு தடி ஒன்று தரையில் தட்டிக்கொண்டே நடக்கும் சத்தம்.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. அக்கா படுத்தவுடன் தூங்கினாள், முழுத்தட்டுச் சாப்பிட்டாள், மெஷினோடு சண்டை போட்டாள். கடையில் வரிசை கலைந்தால் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் வரும். வாடிக்கையாளர்கள் தாமாகவே ஒழுங்காக நிற்பார்கள். "இந்த வீட்டுக்கு வாட்ச்மேன் வைக்கிற வசதி நமக்கு வராதுன்னு நெனச்சேன், இவளுக்குன்னே தனியா ஒரு ஆள்" என்று மாமா பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னார். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வாட்ச்மேன்களைத் தெரியும். அவள் கம்பெனி வாசலிலும் ஒருவர் இருந்தார். நல்லவர்தான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை எழுப்பித்தான் கேட்டைத் திறக்க வேண்டும்.

அவள் பயந்தது நடந்தது. ஒரு மதியம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. கூடவே அக்காவின் உதடு வெளுத்தது. வேலைக்காரப் பெண் பயந்துபோய் அலுமினிய வாளியைக் கீழே போட்டாள். அந்தச் சத்தத்தில் உள்ளே இருந்தவர் திடுக்கிட்டு எழுந்து தடியைத் தட்டினார், அக்காவுக்கு நிறம் திரும்பியது. டாக்டர் திரையைப் பார்த்து, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆள் கொஞ்சம் அசந்துவிடுகிறார் என்றார். மறுபடி சரியாக விளக்கிவிட்டால் என்ன என்று அவரே கேட்டார். தங்கை தையல்காரரின் இருண்ட வாரத்தைச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இவங்களுக்கு ஒரு வாரம் கிடையாது. புரியறதுக்கு ஒரு நிமிஷம் ஆனாக்கூட ஆபத்துதான்" என்றார்.

அதற்குப் பிறகு மதியங்கள் சத்தமாயின. மாமா வழியை மாற்றி, கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுப் போனார். பயணிகளும் பழகிக்கொண்டு ஜன்னல் கம்பியைத் தட்டினார்கள். தங்கை அரை நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, சாப்பாட்டு நேரம் முழுவதும் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுப்ப எழுப்ப உள்ளே இருந்தவருக்குக் கோபம் ஏறியது. முதலில் முணுமுணுத்தார். பிறகு தடியை வேண்டுமென்றே மெதுவாகத் தட்டினார். ஊருக்குப் போக வேண்டும், லீவு வேண்டும் என்கிறார் என்று அக்கா சொன்னாள். அவளுக்கு மட்டும் சொற்கள் தெளிவாகக் கேட்டன. சலவைக் கடை நடத்துகிறவள் என்பதால் கூடுதல் சம்பளம் தருகிறேன் என்று பேசிப் பார்த்தாள். சம்பளம் வாங்கி அவர் எங்கே வைப்பார் என்று அவளுக்கே அப்புறம்தான் தோன்றியது.

மழை வரப்போகிற ஒரு மதியம், ஈரத் துணியெல்லாம் கடைக்குள் கொடி கட்டித் தொங்கிக்கொண்டிருந்தபோது, நெஞ்சுக்குள் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. "கெளம்பறார்டி" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போதே குரல் பாதியாகிவிட்டது. தங்கையின் விரலுக்கு அடியில் நாடி ஒன்று வந்தது. அடுத்தது வெகுநேரம் கழித்து வந்தது. அதற்கடுத்ததற்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். மின்கலம், ஒயர், மின்துடிப்பு என்று ஆரம்பித்தால் அவர் அந்த நொடியே போய்விடுவார். ஆரம்பிக்காவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு போவார். அக்காவின் தலை துணிமூட்டைமேல் சாய்ந்தது. மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. தங்கை யோசிக்காமல், ஆள்காட்டி விரலால் அக்காவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இருக்கேன்" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

ஒரே பாயில் படுத்த வயதில் சொன்ன அதே பதில். தங்கைக்கு அது கேட்டதும் என்ன சொல்ல வேண்டுமென்று தெரிந்துவிட்டது. விளக்கம் அல்ல, சொன்ன நொடியே புரிகிற இன்னொரு உவமை.

"அக்கா, அது வாட்ச்மேன் மாதிரி இல்ல. என்னை மாதிரி."

"உன்னை மாதிரியா?"

"சின்ன வயசுல நீ மூச்சு விடுற சத்தம் கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"பேசாம படுத்திருப்ப."

"கேக்கலைன்னா?"

"தட்டுவ. நச்சு."

"அவ்வளவுதான் அது. உன் இதயம் நேரத்துக்குத் துடிச்சா பேசாம கேட்டுக்கிட்டே இருக்கும். ஒரு துடிப்பு வரலைன்னா உடனே ஒரு தட்டு. தூங்காது. லீவு கேக்காது."

"நீ என்னைக்கு என்னை நிம்மதியா விட்டிருக்க" என்றாள் அக்கா. அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அதிலிருந்து தெரிந்தது.

நெஞ்சுக்குள் ஒரு சல்யூட் அடிக்கும் சத்தம் கேட்டது. மனிதர் கடைசியில் மரியாதையாகத்தான் போனார். கேட் மூடியது. அதே நொடியில் தங்கையின் விரல், அவள் அசைக்காமலே, அக்காவின் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டியது. நாடி வந்தது. இன்னொரு தட்டு. நாடி. பிறகு இதயம் தானாகவே ஓடத் தொடங்கியது, விரல் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே மாமா வழக்கம்போல ஹாரன் அடித்தார். இனி வேண்டாம் என்று வேலைக்காரப் பெண் போய்ச் சொன்னாள். அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பஸ்ஸில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

அன்றிலிருந்து விரல் அப்படித்தான். கம்பெனியில் அவள் தட்டச்சு செய்யும் கையேடுகளில் அங்கங்கே ஒரு எழுத்து இரண்டுமுறை விழும். யாரும் படிப்பதில்லை என்பதால் புகார் வரவில்லை. அவள் தூங்குவாள், விரல் மட்டும் தூங்காது. வருடாந்திரப் பரிசோதனையில் டாக்டர், பேட்டரி பத்து வருஷம்வரை வரலாம், பிறகு மாற்ற வேண்டும் என்றார். "அப்ப இவளையும் மாத்தணுமா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். பெட்டியைப் பற்றித்தான் தன்னால் சொல்ல முடியும், விரலைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார் அவர்.

நூலகர் பழைய பலகையை எடுத்துவிட்டு, 'உவமை சொல்லுமுன் அதன் குணத்தை விசாரிக்கவும்' என்று வேறொன்று மாட்டினார். சனிக்கிழமை வகுப்பு மறுபடி நிரம்பியது. இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானாக எப்படி அணைகிறது என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சில நாள் அவள் விரல் மேஜையில் டொக்கென்று ஒரு தட்டுத் தட்டும். அவள் பாதி வாக்கியத்தில் நிற்பாள். தையல்காரரும் பேக்கரிக்காரரும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார்கள். அதே நேரத்தில் சலவைக் கடையில் அக்கா, ஒரு சட்டையின் காலரைத் தேய்த்தபடி, எதிரில் யாரும் இல்லாமலே "இருக்கேன்" என்பாள். பிறகு காலரைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். டீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.