மூன்று மெஷின் மழைக்கணக்கு

சென்னிமலைக்கு உட்கார்ந்தால் தூக்கம், நின்றால் தலைசுற்றல். பத்து நாளில் எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகக் கோயம்புத்தூருக்கு ஆறு தடவை பஸ்ஸில் போய்வந்தால் எவனுக்குத்தான் வராது! கால்வாய் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன் அவன். கடைமடைக்கு இரண்டாம் போகத் தண்ணீர் விட்டால் கடைசிவரை நிற்குமா என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது. போன வருஷம் அந்தக் கடைமடையில்தான் அவன் அக்கா நாச்சம்மாளின் நெல் கதிர் பிடிக்கும் நேரத்தில் கருகியது. "தண்ணி நிக்கும்னு நீ சொன்னாத்தான்டா இந்தத் தடவை வெதைப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டர் செய்வது ஒன்றும் மாயமில்லை. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து தாயம் உருட்டுகிற மாதிரி எண்களை உருட்டி, நூறு பொய் மழைக்காலங்களை உண்டாக்கி, எத்தனையில் அணை வற்றுகிறது என்று சொல்லும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே நூறுதான் திரும்ப வரும். நூறு போதாது, குறைந்தது முந்நூறு வேண்டும். ஒரே மெஷினில் ஓட்டினால் விதைப்புப் பருவமே போய்விடும். அதனால் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, ஒரு மில், திருச்சியில் ஒரு தொழிற்சாலை என்று மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் ஓட்ட ஏற்பாடு செய்தான். கணக்கு விவரங்களை மூன்று தாளில் எழுதி, தொடக்க எண்ணை மட்டும் ஒவ்வொன்றிலும் மாற்றி, மெஷின் படிப்பதற்காகக் கல்லூரியில் அட்டையில் துளையடிக்கும் புஷ்பமேரியிடம் மூன்று இடத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்து படுத்தான்.

திங்கட்கிழமை மூன்று இடத்திலிருந்தும் டிரங்க்கால் வந்தது. மூன்றிலும் நூற்றுக்கு நான்கு முறைதான் வற்றுகிறதாம். "பாத்தீங்களா, மூணு மெஷினும் ஒரே வாக்கு!" என்று கால்வாய் அலுவலக எஞ்சினீயர் துள்ளினார். தண்ணீர் நிற்கும், விதைக்கலாம் என்று சாயங்காலமே ஜீப்பில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவித்தாயிற்று.

வியாழக்கிழமை காலை மூன்று மெஷினும் அச்சடித்த தாள்கள் பஸ்ஸில் வந்தன. சென்னிமலை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தான். பதினேழாம் மழைக்காலத்தில் மூன்றிலும் பஞ்சம். முப்பதாம் மழைக்காலத்தில் மூன்றிலும் வெள்ளம். மூன்று மெஷினும் ஒரே நூறைத்தான் ஓட்டியிருந்தன. உடனே கல்லூரிக்கு டிரங்க்கால் போட்டான்.

"அந்த முதல் நம்பர் மட்டும் மூணு தாள்லயும் வேற வேறயா இருந்துச்சு சார்" என்றாள் புஷ்பமேரி. "தூக்கக் கலக்கத்துல தப்பா எழுதிட்டீங்கன்னு முதல் தாள்ல இருந்ததையே மூணுக்கும் அடிச்சேன். நல்லவேளை, நான் பாத்தேன்!"

ஒன்றையே இரண்டு முறை அடித்து, வித்தியாசம் இருந்தால் திருத்துவதுதான் அவள் பிழைப்பு. அவளைத் திட்ட அவனுக்கு வாய் வரவில்லை. எண்கள் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல அன்று தெம்பில்லாமல் போனது அவனுக்குத்தானே! எஞ்சினீயரிடம் விஷயத்தைச் சொன்னான். மறுபடி ஓட்டப் பத்து நாள் ஆகும் என்றதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்த பஸ் பிடித்து அக்காவின் வயலுக்குப் போனான். நாச்சம்மாள் நாற்றங்கால் வரப்பில் நின்றிருந்தாள்.

"அக்கா, நான் பாத்தது முந்நூறு இல்ல, நூறுதான். தண்ணி நிக்குமான்னு உறுதியாத் தெரியலக்கா. பத்து நாள் பொறுத்துக்க."

அவள் கூடையின் மேலிருந்த ஈரச்சாக்கை விலக்கினாள். விதைநெல் வெள்ளை வெள்ளையாக முளை கட்டியிருந்தது.

"நான் பொறுப்பேன். இது பொறுக்குமாடா? இன்னைக்குப் போடலைன்னா அழுகிப் போயிரும்."

அவன் குனிந்து ஒரு முளையைத் தொட்டுப் பார்த்தான்.

"பத்து நாள் கழிச்சு நிக்கும்னு வந்தா எங்கிட்ட வெதை இருக்காது. நிக்காதுன்னு வந்தா வெதை மண்ணுல கெடக்கும். நீ மெதுவாவே ஓட்டு சாமி" என்றாள் நாச்சம்மாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.