ஹபுஷு பாட்டிலுக்கு வைத்த கொள்ளி

1

2024 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. திருத்தணியில் ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில், சமையலறை அலமாரியில், ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் பாம்பு ஒன்று வாயைத் திறந்தபடி சுருண்டிருந்தது.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சென்னை மின்ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த எலியாஸ், அரக்கோணம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். எழுத உட்கார்ந்து எனக்கு ஐந்து மாதமாகிறது, இன்னும் முடியவில்லை. யாரிடம் சொன்னாலும் “அதக் குடிச்சாங்களா?” என்று மட்டும் கேட்கிறார்கள்.

2

முதல் வரைவு: ‘கீழைக் கடலின் நஞ்சு ஒன்று மலையடிவாரம் வந்து சேர்ந்தபோது—’

அடித்துவிட்டேன். இரண்டாவது: ‘பாட்டிலுக்குள் இருந்தது வெறும் பாம்பல்ல—’

வெறும் பாம்புதான். ஜப்பானின் ஒகினாவா தீவில் ஹபு என்ற விஷப்பாம்பை அரிசிச் சாராயத்தில் மூலிகையும் தேனும் சேர்த்து ஊறவைக்கிறார்கள். பெயர் ஹபுஷு. சாராயத்தில் விஷம் முறிந்துவிடும் என்கிறார்கள். கம்பெனி பயிற்சிக்காக ஜப்பான் போன எலியாஸுக்கு அங்கிருந்த மேற்பார்வையாளர் கொடுத்த பரிசு அது. எலியாஸ் குடிப்பதில்லை, கிறிஸ்தவ சபைக் கமிட்டிச் செயலாளர். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவும் தெரியாதவர். (கதாநாயகனாக இருக்க இவருக்கு ஒரு தகுதியும் இல்லை. வேறு ஆளைப் போட்டுப் பார்த்தேன். பாட்டில் ஊர் வந்து சேரவே இல்லை.)

3

அன்று நாகுல சவிதி, பாம்புகளுக்கான நோன்பு நாள். வீட்டின் சொந்தக்காரர் மணியம்மை புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு, எள்ளுருண்டை கொடுக்கக் கீழே வந்தார். (இந்த நாளை நான் பொருத்தி வைத்ததாக நினைப்பீர்கள். திங்கட்கிழமைக்கு மாற்றியும் எழுதினேன். திங்கட்கிழமை அவருக்குக் கீழே வர வேலையே இல்லை.)

“இன்னாம்மா ப்ளெஸ்ஸி இது? நாகராஜாவ ஊறுகா போட்டு வச்சிகினு கீற?”

மனைவி ப்ளெஸ்ஸியை எலியாஸ் பேச விடவில்லை.

“இது நல்ல பாம்பு இல்லக்கா. ஜப்பான் விரியன்.”

“ஜப்பான்ல பொறந்தா பாம்பு பல்லியாய்டுமா? மேல எம் மருமவ அபி ஏழு மாசம். வியாழக்கெழம வளகாப்பு. பொழுது சாயறதுக்குள்ள அதுக்குக் கொள்ளி வையி. இல்லன்னா வீட்டக் காலி பண்ணிடு.”

“வேதக்காரங்களுக்கு வீடு கெடையாது” என்று நான்கு தெருக்களில் கேட்டபிறகு கிடைத்த வீடு அது. ப்ளெஸ்ஸி நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம்.

4

இந்த இடத்தில் நம்பிக்கை, பகுத்தறிவு பற்றி ஒரு பக்கம் எழுதி— [கிழித்தாயிற்று.]

செத்துக் கிடக்கும் நல்ல பாம்பை மஞ்சள் துணியில் சுற்றி, காசு வைத்து, பால் ஊற்றி எரிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். சாராயத்தைக் குண்டானில் வடித்துவிட்டு, பாம்பை எடுக்கப் பாட்டிலை உடைத்தார்கள். கொள்ளி வைக்க எலியாஸ் மாட்டேன் என்றார்.

“நான் சபைல பொறுப்புல கீறவன்க்கா. பாஸ்டர் கேட்டா இன்னா சொல்றது?”

“ஊட்ல சாராயம் வச்சிருந்தீங்களே, அதக் கேட்டா இன்னா சொல்லுவீங்க?” என்றார் ப்ளெஸ்ஸி.

கடைசியில் மணியம்மையின் கணவர் பக்தவச்சலம் சட்டையைக் கழற்றினார். மழையில் விறகு நனைந்திருந்தது. குண்டானிலிருந்ததையே அதன்மேல் ஊற்றிக் கொள்ளி வைத்தார். குப்பென்று பிடித்தது. (எல்லாவற்றையும் ஊற்றினாரா என்று தெரியாது. இதைத்தானே கேட்கிறீர்கள்?)

5

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலை மணியம்மை, பள்ளிப்பட்டில் இருக்கும் தங்கை சுலோச்சனாவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார்.

“கொள்ளி வச்சது யாரு? பாவாவா?” அக்கா கணவரைத்தான் சுலோச்சனா அப்படிக் கேட்டார்.

“ஆங்.”

“அப்ப உங்க வூட்டுக்கு மூணு நாள் தீட்டுக்கா. வளகாப்ப எங்க வப்ப?”

(அபிக்கும் தீட்டுதானே என்பீர்கள். நானும் கேட்டேன். பிள்ளைத்தாச்சிக்குக் கிடையாது என்று சுலோச்சனா தீர்ப்பளித்துவிட்டாராம். அவரிடம் ஆதாரம் கேட்க எனக்குத் தைரியமில்லை.)

ஆர்.கே.பேட்டையில் சம்பந்தி வீட்டார் வேன் பேசியாகிவிட்டது. மணியம்மை படியிறங்கி வந்து ப்ளெஸ்ஸி முன்னால் நின்றார். விஷயத்தை இழுத்து இழுத்துத்தான் சொன்னார்.

“கொள்ளி வச்சது அண்ணன். எங்களுக்கு ஏதுக்கா தீட்டு? எங்க கூடத்துல வச்சிக்கங்க.”

“செவுத்துல ஏசப்பா படம் கீதே?”

“கீட்டும்க்கா. அவரும் பாத்துகினு இருக்கட்டும்.”

6

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அபி மயங்கி விழுகிறாள். பாம்பு பழிவாங்கியே ஆகவேண்டுமாம். இன்னொன்றில் சம்பந்தி வீட்டார் படத்தைக் கழற்றச் சொல்லிச் சண்டை. மூன்றாவதில் எல்லாரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். திருப்பிப் படிக்க வெட்கமாக இருந்தது. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அலுத்துவிட்டது. அரக்கோணத்தில் நான் இறங்குமுன் எலியாஸ் சொன்னது இவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ப்ளெஸ்ஸியின் கூடத்தில் அபிக்கு வளையல் அடுக்கினார்கள். வீட்டைக் காலி செய்யும் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.