இதயத்துக்கு ஒரு வழி

சூரியபிரகாஷுக்கு வந்தது வெறும் காய்ச்சல் என்றுதான் பாரதியும் நினைத்தாள். ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் இருவருக்கும் வேலை. அங்கே பழகித்தான் கல்யாணம். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தவன், ஒரு காலையில் பைக்கை ஸ்டார்ட் செய்யப் போய் அப்படியே சரிந்துவிட்டான். வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கிருமி தாக்கி இதயத் தசையே சோர்ந்து கிடந்தது. துடிப்பு பேருக்குத்தான். தொடை வழியாகக் குழாய்களைச் செலுத்தி எக்மோ மிஷினில் போட்டார்கள். உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து, பிராணவாயு ஏற்றி, அதுவே திருப்பி உள்ளே தள்ளியது. இனி பயமில்லை என்று பாரதி நம்பினாள்.

மறுநாள், மூச்சுக்காக அவன் வாயில் விட்டிருந்த குழாயில் ரோஜா நிறத்தில் நுரை வந்தது. டாக்டர் ஜெபகனி அவளையும், வேர்க்கடலை அறுவடையை விட்டு ஓடிவந்திருந்த மாமனார் முனிரத்தினத்தையும் கூப்பிட்டு ஸ்கேன் திரையைக் காட்டினார்.

"மிஷின் தள்ற ரத்தம் இதயத்துக்கு எதிரா வந்து முட்டுது. அதை மீறி வால்வைத் திறக்க அவருக்குத் தெம்பு இல்ல. பாருங்க, மூடியே கிடக்குது. வெளிய போக வழியில்லாம இடது பக்கம் ஊதிக்கிட்டே போகுது."

"மிஷின கம்மி பண்ணா?" என்றாள் பாரதி.

"மூளைக்கும் கிட்னிக்கும் ரத்தம் பத்தாது. மருந்து குடுத்தும் பாத்துட்டோம்."

"அப்படியே உட்டா?"

"நுரையீரல் பூரா நீர் கட்டிடும். தேங்கின ரத்தம் உள்ளயே உறைஞ்சிடும்." ஜெபகனி திரையில் விரலை வைத்தார். "தொடை ரத்தக்குழாய் வழியா ஊசியைக் கொண்டு போய், இதயத்தோட மேல் அறைங்களுக்கு நடுவுல இருக்கிற சுவர்ல சின்னதா ஒரு ஓட்டை போடணும். இடது பக்கம் தேங்கினது வலது பக்கம் வந்துடும். அங்கேருந்து மிஷின் இழுத்துக்கும்."

முனிரத்தினம் தலையை ஆட்டினார். "போதும்மா. தொடையில குத்தியாச்சு, கழுத்துல குத்தியாச்சு, இப்ப நெஞ்சிலயுமா? எம்புள்ளய முழுசா குடுத்துடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

கல்யாணமான நாளிலிருந்து பாரதி அவரை எதிர்த்துப் பேசியதில்லை. இப்போது நேராக டாக்டரைப் பார்த்தாள்.

"இதுல இன்னா தப்பா போகும் மேடம்?"

"ஊசி விலகிட்டா இதயத்தைச் சுத்தி ரத்தம் கட்டும். அப்படி ஆனா உடனே நெஞ்சைத் திறந்து சரி பண்ண ஆள் பக்கத்துலயே நிப்பாங்க. இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான்."

பாரதி மாமனாரின் கையைப் பிடித்துப் படுக்கையருகே அழைத்துப் போனாள். அவர் கையை மகனின் பாதத்தில் வைத்தாள்.

"சூடா இருக்குது," என்றார் அவர். பிறகு தானே, "மிஷின் குடுக்கிற சூடு," என்றார்.

"இருக்கட்டும் மாமா. இந்தச் சூடு இருக்கும்போதே பண்ணிடணும். ஆறினப்புறம் முழுசா எடுத்துட்டுப் போயி இன்னா பண்றது?"

அவர் மகனின் பாதத்தை விடவில்லை. அவள் கையெழுத்துப் போடும்போது தடுக்கவுமில்லை.

ஊசி விலகவில்லை. சாயங்காலத்துக்குள் நுரை குறைந்தது. நுரையீரல் தெளிய ஆரம்பித்தது. ஆனால் வால்வு மட்டும் திறக்கவேயில்லை. ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள். ஒவ்வொரு முறை உள்ளே விடும்போதும் பாரதி கேட்டது ஒரே கேள்விதான்: "வால்வு திறந்துச்சா?" நர்ஸ் ஹெப்சி உதட்டைப் பிதுக்குவாள். பாரதி அவன் காதருகே குனிந்து, "அவசரமில்ல, ரெஸ்ட் எடு. நான் இங்கதான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு வருவாள்.

ஒரு மத்தியானம் ஹெப்சியே வெளியே ஓடிவந்தாள். திரையில் வால்வின் மெல்லிய இதழ்கள் ஒருமுறை விலகி மூடின. இரண்டு துடிப்பு சும்மா போனது. மறுபடி விலகின.

"அவரே தள்றாரு," என்றார் ஜெபகனி.

அதன்பின் மிஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒருநாள் கழற்றியே விட்டார்கள். ஓட்டையைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம், அதுவரை கனம் தூக்கக் கூடாது என்றார்கள். வாய்க்குழாயை எடுத்ததும் சூரியபிரகாஷ் கரகரத்த குரலில் அப்பாவைப் பார்த்துக் கேட்டான்: "மல்லாட்ட புடுங்கற நேரத்துல இங்க இன்னாப்பா பண்றே?"

முனிரத்தினம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "நான் இன்னா பண்ணேன்? எல்லாம் அதான் பண்ணுச்சு," என்று மருமகளைக் காட்டினார்.