குளியலறைச் சிலந்தி

எங்கள் வீட்டுக் குளியலறை ஜன்னலில் ஒட்டடை அடிக்க நான் யாரையும் விடுவதில்லை. மாமியார் முதலில் முணுமுணுத்தார், பிறகு தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார். அங்கே ஒரு குதிக்கும் சிலந்தி குடியிருந்தது. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. பால் பாக்கெட்டைக் கத்தரித்து வெளிச்சம் கூசாமலிருக்கக் கேமரா ஃபிளாஷுக்கு முன்னால் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் முகத்தைப் படம் எடுத்தேன். 'யார் நீ?' என்று கேட்கிற மாதிரி இரண்டு பெரிய கண்கள். அந்தப் படத்துக்குத்தான் புகைப்படப் போட்டியில் பரிசு கிடைத்தது.

பரிசு, காட்டில் மூன்று நாள் முகாம். பகலெல்லாம் இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி தேடுவதுதான் வேலை. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் தனியாக ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. போயே தீரவேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

என் கணவர் கூடாது என்று சொல்கிற ரகமல்ல. சொன்னால் சண்டையாவது போடலாம்.

"தாராளமா போயிட்டு வா," என்றார். "ஆனா யோசிச்சுப் பாரு. பரிசு வாங்கின படத்தையே வீட்டுக்குள்ளதானே எடுத்த? காடு எதுக்கு?"

வந்தவர் போனவரிடமெல்லாம் ஃபோனை நீட்டினார். "வாசப்படி தாண்டாம எடுத்ததுங்க இது." அவர் பெருமையாகச் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. நன்றாக எடுத்ததே வினையாகிவிட்டது.

வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் ஒட்டடைக் கம்பை எடுத்தேன். பரண், அலமாரிக்குப் பின்புறம், ஒரு மூலை விடவில்லை. சிலந்திகளை ஒவ்வொன்றாக டம்ளரில் பிடித்துப் பால்கனிக்கு வெளியே விட்டேன். குளியலறைக்காரி மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஊதித் தள்ளினேன்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று மாமியார் கவலையாகக் கேட்டார்.

உடனே கணவருக்கு ஃபோன் செய்தேன். "வீட்ல ஒண்ணுகூட இல்லீங்க. படம் எடுக்க எதுவுமே இல்ல. முகாமுக்குப் பேர் குடுத்துடட்டுமா?"

"ஐயோ பாவம்," என்றார். "சாயங்காலம் வந்து பேசிக்கலாம்."

அந்தப் 'பாவ'த்தை நம்பி, மாற்றுப் புடவைகளைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

இருட்டியபிறகுதான் வந்தார். சட்டையெல்லாம் மண், முழங்கையில் முள் கீறிய கோடுகள். சாப்பாட்டு டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திவந்து மேஜைமேல் வைத்தார். மூடியில் ஆணியால் துளை போட்டிருந்தார்.

"ஆபீஸ் பின்னாடி புதர்ல புடிச்சேன். கடிச்சுடுமோன்னு கை நடுங்கிடுச்சு." கரப்பான் பூச்சிக்கே நாற்காலியில் ஏறுகிற மனிதர். "இனிமே தினம் ஒண்ணு கொண்டு வரேன். நீ எதுக்கும் அலைய வேண்டாம்."

மூடியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். இலைப்பச்சை நிறத்தில் ஒரு சிலந்தி. இந்த வகையை நான் பார்த்ததே இல்லை. டப்பாவின் ஓரத்தோடு ஒடுங்கிக் கிடந்தது.

"மூடும்போது ஒரு கால் நசுங்கிப் போச்சு," என்றார், தப்புச் செய்த பிள்ளை மாதிரி. "படத்துல தெரியுமா?"

இந்த மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? கத்த வேண்டும் போலிருந்தது; கேமராவை எடுத்து வந்தேன்.

"தெரியாது," என்றேன். "அந்தப் பக்கம் மறையற மாதிரி எடுத்துக்கறேன்."